அதிரசம்: பாகுப் பதம் தவறாமல் செய்வது எப்படி?

முறுக்கு, சீடை, ரிப்பன் பக்கோடா எல்லாவற்றையும் தயங்காமல் செய்கிறவர்கள்கூட அதிரசம் என்றதும் பின்வாங்குகிறார்கள். "அதற்குக் கைராசி வேண்டும்" என்று சொல்லிவிட்டு, தலை தீபாவளிச் சீர்த்தட்டுக்குக் கடையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இந்தக் கைராசிப் பேச்சை நான் ஏற்பதே இல்லை. அதிரசத்தைக் கெடுப்பவை இரண்டுதான்: மாவில் ஈரம் போய்விடுவது, பாகின் பதம் தவறுவது. இரண்டையும் விரலால் தொட்டே சோதித்துவிடலாம். அந்தச் சோதனைகளுக்காகத்தான் இந்தப் பதிவு.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். மாவு ஊற நேரம் வேண்டும்.

தேவையானவை

மாவுப் பச்சரிசி அரை கிலோ, பாகு வெல்லம் 375 கிராம், ஏலக்காய் 6, சுக்குப் பொடி அரை ஸ்பூன், எள் ஒரு ஸ்பூன், நெய், பொரிக்கக் கடலை எண்ணெய். கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது கணக்கு. காய்ந்த அரிசியாக இருக்கும்போதே எடை போடுங்கள். ஊறிய அரிசி தண்ணீரைக் குடித்து எடை கூடியிருக்கும். அரைத்த ஈர மாவை எடை போட்டு வெல்லம் சேர்த்தால் இனிப்பு ஏறி, அதிரசம் எண்ணெயில் கரையும்.

வெல்லத்தில் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தை நான் விரும்புவதில்லை. கருத்த, கையில் லேசாகப் பிசுபிசுக்கும் வெல்லம்தான் அதிரசத்துக்கு மணமும் செம்பழுப்பு நிறமும் தருகிறது.

1. மாவு

அரிசியைக் களைந்து இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். நன்றாக வடித்து, நிழலில் வெள்ளைத் துணி விரித்துப் பரப்புங்கள். வெயிலில் வேண்டாம். இருபது நிமிடம் கழித்து ஒரு பிடி அள்ளிவிட்டுக் கையை உதறிப் பாருங்கள். உள்ளங்கையில் நாலைந்து அரிசி ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் உடனே அரைக்க வேண்டும்.

மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இடையிடையே நிறுத்தி அரையுங்கள். ஜார் சூடேறினால் மாவின் ஈரம் போய்விடும். சலித்து, மிஞ்சும் கப்பியை மறுபடி அரையுங்கள். சலித்த மாவையும் ஈரத்துணியால் மூடியே வையுங்கள். ஒரு பிடி மாவை இறுக்கினால் பிடிகொழுக்கட்டைபோல விரல் தடத்தோடு நிற்க வேண்டும். தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கே வராமல் உதிர்ந்தால் மாவு காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துப் பிசறி, மூடி வைத்து, மறுபடி சலியுங்கள்.

2. பாகு

பதற்றம் இல்லாமல் இங்கே நின்றுவிட்டால் அதிரசம் வந்த மாதிரிதான். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

அடிகனமான பாத்திரத்தில் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கரைய விடுங்கள். கரைந்ததும் வடிகட்டி, மண்ணைக் களைந்து, பாத்திரத்தைக் கழுவி மறுபடி ஏற்றுங்கள். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர் இருக்கட்டும். ஐஸ் தண்ணீர் கூடாது; இளம் பாகைக்கூட இறுக்கிக் காட்டி ஏமாற்றிவிடும்.

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். வெல்லத்துக்கு வெல்லம், அடுப்புக்கு அடுப்பு அது மாறும். பாகு நுரைத்துப் பொங்கி, நுரை சிறு குமிழிகளாக அடங்கத் தொடங்கும்போது தீயைக் குறைத்து, ஒரு சொட்டைக் கிண்ணத்தில் விடுங்கள்.

முதலில் சொட்டு தண்ணீரில் கலங்கிக் கரைந்துபோகும். அடுத்த சோதனையில் அடியில் தங்கும்; விரலால் கூட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும், உருண்டையாகாது. அதற்கடுத்து, விரலால் கூட்டியதும் சேர்ந்து வரும். வெளியே எடுத்து உருட்டினால் மெத்தென்ற உருண்டையாகும். தட்டில் வைத்தால் மெல்லத் தளர்ந்து அமரும். இதுதான் பதம். உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டாலும் உருண்டை விறைத்துக்கொள்ளும். தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கிற பதம் கடலை மிட்டாய்க்கு உரியது, அதிரசத்துக்கு ஆகாது.

ஒவ்வொரு சோதனைக்கும் தண்ணீரை மாற்றுங்கள். உருட்டிப் பார்க்கும் நேரத்தில் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிடுவது இன்னும் நல்லது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு அடுத்த பதத்துக்கு நகர்ந்துவிடும்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு: இந்தப் பதம் ஏறக்குறைய 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை. எனக்கு அதைவிடக் கிண்ணத்துத் தண்ணீர்மேல்தான் நம்பிக்கை. பாகு கொதிக்கும் சூடு ஊரின் உயரத்தைப் பொறுத்தும் மாறும். ஊட்டியில் தண்ணீரே 93 டிகிரிக்குள் கொதித்துவிடும்; அங்கே பாகுக்கும் அதே அளவு குறைத்துக் கணக்கிட வேண்டும். கிண்ணத்துத் தண்ணீருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

3. கலப்பது

அணைத்த பாகில் ஏலக்காய், சுக்கு, எள் சேர்த்து, மாவைப் பிடிபிடியாகத் தூவிக் கிளறுங்கள். ஒருவர் தூவ, ஒருவர் கிளறினால் கட்டி தட்டாது. வீட்டில் ஆள் கூடியிருக்கும் நேரத்தில் செய்ய இதுவும் ஒரு காரணம். நீளக் காம்புள்ள மரக்கரண்டியே போதும். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பக்குவத்தில் நிறுத்திவிடுங்கள். மாவு மிஞ்சினால் மிஞ்சட்டும். தளர்வாக இருக்கிறதே என்று முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். ஆற ஆற அது தானாகவே இறுகும் என்பதை நம்புங்கள்.

மேலே நெய் தடவி, துணியால் வேடு கட்டி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஒரு நாள் கட்டாயம்; இரண்டு நாள் ஊறினால் இன்னும் அருமை.

4. சுடுவது

மாவை நெய் தொட்டுப் பிசைந்து, முதலில் ஒரே ஒன்றை மட்டும் தட்டிச் சுட்டுப் பாருங்கள். அத்தனையையும் உருட்டி அடுக்கிவிட்டு எண்ணெயை ஏற்றாதீர்கள்.

எண்ணெயில் பிரிந்து கரைந்தால் பாகு இளம்பாகு. எடுத்து வைத்த ஈர மாவைச் சேர்த்துப் பிசைந்து சில மணி நேரம் விடுங்கள். அது இல்லாவிட்டால் இரண்டு ஸ்பூன் கோதுமை மாவு. கடிக்கவே கடினமாக இருந்தால் பாகு முற்றிவிட்டது. வெதுவெதுப்பான பாலைத் தெளித்து அழுத்திப் பிசையுங்கள். பால் சேர்த்தது அதிக நாள் நிற்காது, ஆகவே அன்று சுடும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள்.

சரியாக வந்ததென்றால் எலுமிச்சை அளவு உருட்டி, எண்ணெய் தடவிய வாழை இலையில் கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, மிதமான தீயில் ஒவ்வொன்றாக விடுங்கள். அடியில் போய் மேலே எழும். அதுவரை கரண்டியால் தொட வேண்டாம். ஒரே முறை திருப்பிவிட்டு, நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே எடுங்கள். வெளியே வந்த பிறகும் கருக்கும். எடுத்த சூட்டிலேயே இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயைப் பிழியுங்கள். அதிரசக் கட்டை இருந்தால் நல்லதுதான், ஆனால் இதற்காக வாங்க வேண்டியதில்லை. வாணலி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி: இரும்பு வாணலிதான். சூடு சீராக நிற்கும்.

ஆறும்வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுப் பலர் கேட்டவை:

கடையில் விற்கும் அரிசி மாவில் செய்யலாமா? வேண்டாம். உலர்ந்த மாவு பாகை உறிஞ்சிக் கல்லாகிவிடும். வறுத்த இடியாப்ப மாவும் சரிவராது. புழுங்கல் அரிசி ஏற்கெனவே வெந்து காய்ந்தது. அதில் பச்சரிசியின் பிடிமானம் கிடைக்காது.

மில்லில் அரைக்கலாமா? அளவு அதிகமென்றால் மில்தான் வசதி. ஈர மாவு அரைப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் அரிசியைப் போட விடாதீர்கள்.

கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் படைக்க வேண்டும், அரை கிலோ போதுமா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். எலுமிச்சை அளவில் உருட்டினால் 25க்குக் குறையாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு கிலோவாகவே போட்டுவிடுங்கள்.

மிஞ்சிய மாவை நெய் தடவிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பால் தெளித்ததை மட்டும் வைக்காதீர்கள். சுடுவதற்குச் சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த மாவைத் தட்டினால் ஓரம் வெடிக்கும். சுட்டு ஒரு வாரம் ஆகி விறைத்துப்போன அதிரசத்தை இட்லித் தட்டில் வைத்து இரண்டு நிமிடம் ஆவி காட்டுங்கள், மறுபடி மெத்தென்று ஆகும்.