போருக்குப் போன நடிகர்கள்: கண்காட்சிப் பலகை எழுதுமுன் சரிபார்ப்பது எப்படி?

திரையில் பெயர் வாங்கும் முன்பே போருக்குப் போன நடிகர்களைப் பற்றிப் புதுச்சேரியில் ஒரு கண்காட்சி வைத்தால், பார்க்க வருபவர்களில் சொல்தா (பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்) வீட்டுக்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். பதவி, படைப்பிரிவு, பதக்கம் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஒரு பலகையில் தப்பு கண்டுவிட்டால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு நடிகருக்கும் படையில் சேர்ந்த ஆண்டையும் திரையில் பெயர் வாங்கிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பாதிப் பட்டியல் அங்கேயே கழிந்துவிடும். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1941இல் ஆஸ்கர் வாங்கிய பிறகே படைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குப் பணியாத சுதந்திர பிரான்ஸ் படையில் டாங்கித் தலைவராக இருந்த பிரெஞ்சு நடிகர் ழான் கபேனும் அதற்கு முன்பே பெரிய நட்சத்திரம். 1940 செப்டம்பரிலேயே சுதந்திர பிரான்ஸ் பக்கம் நின்ற ஊரில் கபேனை விட மனம் வராது. அவருக்குத் தனிப் பலகை வையுங்கள்.

அடுத்து, பிறந்த பெயர். மைக்கேல் கெய்ன் என்று தேடினால் கொரியப் போரில் ஒன்றும் கிடைக்காது, மாரிஸ் மிக்கிள்வைட் என்று தேட வேண்டும். டோனி கர்ட்டிஸ் கடற்படையில் பெர்னார்ட் ஸ்வார்ட்ஸ்.

அதிகம் தடுமாறுவது ஆவணத்தில்தான். அமெரிக்கர்களின் பணிப் பதிவுகள் அந்நாட்டின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில், 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின. கடற்படை, மரீன் கோப்புகள் தப்பின. ஆகவே மரீன் வீரர் லீ மார்வின் போன்றவர்களைத் தேடுவது எளிது. தரைப்படை வீரரின் கோப்பு இல்லையென்றால், அவர் இருந்த கம்பெனியின் (சிறு படைப்பிரிவின்) தினசரி அறிக்கை, ஆள் பட்டியல் வழியாகப் போகலாம். படையை விட்டு 62 ஆண்டு கடந்த கோப்பை யாரும் கேட்டுப் பெறலாம். பிரிட்டிஷ் அதிகாரிகளின் நியமனத்துக்கு அந்நாட்டு அரசிதழான லண்டன் கெஜட்டைப் பாருங்கள். சாதாரணச் சிப்பாய் பெயர் பதக்கம் பெற்றாலொழிய அதில் வராது. பெயர் இல்லை என்பதால் ஆளே படையில் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பர்ப்பிள் ஹார்ட் என்ற அமெரிக்கப் பதக்கம் காயத்துக்கானது, வீரத்துக்கானது அல்ல. மார்வினுக்கு அது 1944 ஜூனில் சைப்பான் தீவில் பட்ட காயத்துக்குக் கிடைத்தது. ஆடி மர்ஃபியின் மெடல் ஆஃப் ஆனர்தான் வீரப் பதக்கம். 1945 ஜனவரி 26, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் நடந்த சண்டைக்காக. கிறிஸ்டோபர் லீக்கு பிரிட்டிஷ் விமானப்படை உளவு அதிகாரி என்பதோடு நிறுத்துங்கள். அவர் சிறப்புப் படையில் இருந்தார் என்ற உறுதியில்லாத கதைகள் வேண்டாம்.

நம் ஊரில் தவறாமல் வரும் குழப்பம் மேஜர் சுந்தர்ராஜன். அந்த 'மேஜர்', பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகப் பாத்திரம் தந்த பட்டம். ராணுவப் பதவி அல்ல.

பலகைக்கு ஏ3 அளவு, 60 சொல், 24 புள்ளி எழுத்து போதும். 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டுங்கள். கடற்கரைச் சாலைப் பக்கம் மெல்லிய அட்டை ஈரக்காற்றில் சுருண்டுவிடும். கீழ் ஓரத்தில் எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கட்டும், கேட்பவருக்கு விரல் வைத்துக் காட்டலாம்.