பிள்ளைகள் விரும்பி எடுக்கும் சவால்கள்: வீட்டில் தொடங்குவது எப்படி?

பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் “இன்னும் கொஞ்சம் படி” என்றால் முகம் சுருங்கிவிடும். அதே பிள்ளை, யாரும் சொல்லாமலே ஓர் எறும்பு வரிசையின் பின்னால் அரை மணி நேரம் குனிந்தபடி நடக்கும். அந்த எறும்பு நேரத்தை வீட்டில் அடிக்கடி வரவழைக்க ஒரு வழி உண்டு. பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் சின்னச் சின்னச் சவால்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில், சவால் சீட்டுகளைப் போட்டு வைக்கக் காலி டப்பா ஒன்று, வாரத்தில் அரை மணி நேரம். அப்புறம், “எனக்கு வேண்டாம்” என்று பிள்ளை சொன்னால் “சரி” என்று விட்டுவிடும் மனசு. மற்ற எல்லாம் இருந்து இந்தக் கடைசி ஒன்று இல்லாவிட்டால், இதுவும் இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

படி 1: ஒரு வாரம் காது கொடுங்கள்

முதல் வாரம் எதையும் தொடங்க வேண்டாம். பிள்ளை கேட்கும் கேள்விகளை அதே வார்த்தைகளில் நோட்டில் எழுதுங்கள். “நிலா ஏன் பகல்லயும் தெரியுது?” “என் நிழல் ஏன் குட்டையாயிடுச்சு?” “எல்லாத்தையும்விடப் பெரிய எண் எது?” உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். “நல்ல கேள்வி, எழுதி வைக்கிறேன்” போதும்.

எந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைவோ அதிலிருந்து தொடங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சவால் என்ற பெயரில் டியூஷன் நுழைந்தால் பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்குப் பிறகு டப்பா பக்கமே வர மாட்டார்கள்.

படி 2: கேள்வியைச் சவாலாக மாற்றுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். “நிழலைப் பற்றித் தெரிந்துகொள்” என்பது சவால் ஆகாது. எங்கே ஆரம்பிப்பது, எப்போது முடிந்தது என்று பிள்ளைக்குத் தெரியாது. “ஒரு நாளில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் நேரம் எது? கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டால் கை தானாக வேலை செய்யத் தொடங்கும்.

இதைச் செய்வது எளிது. வெயில் படும் சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். காலை 11 மணியிலிருந்து மதியம் 1.30 வரை, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு சிறு கல். ஒவ்வொரு கல்லுக்கும் நேரத்தைக் குறித்து, குச்சியின் அடியிலிருந்து ஸ்கேலால் அளக்க வேண்டும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சரியாக 12 மணிக்குத்தான் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்றுதான் அநேகமாக எல்லோரும் நினைப்போம். பல ஊர்களில் அப்படி இருக்காது. கடிகாரம் ஒரு பெரிய நிலப்பரப்புக்கே பொது. சூரியன் உச்சிக்கு வருவதோ ஊருக்கு ஊர் வேறு நேரத்தில். “அப்போ கடிகாரம் தப்பா?” என்று பிள்ளை கேட்டால், அடுத்த சவால் தயார்.

மழை நாளுக்கு ஓர் எண் விளையாட்டு. மூன்றால் பெருக்கவும் இரண்டால் வகுக்கவும் தெரிந்த பிள்ளைக்கு இது போதும். பூஜ்யத்தைவிடப் பெரிய ஏதாவது ஒரு முழு எண்ணை எடுக்க வேண்டும். இரட்டைப்படை என்றால் பாதியாக்கு. ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 1 வரும்வரை விடாதே. 7-இல் தொடங்கினால்: 7, 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1. மொத்தம் 16 தாவல். இப்போது சவால்: 20-க்குக் கீழே உள்ள எண்களில் மிக அதிகமாகத் தாவுவது எது? (உங்களுக்கு மட்டும்: 18, 19 இரண்டுமே 20 தாவல். சொல்லிவிடாதீர்கள்.) ருசி கண்ட பிள்ளை 27-ஐத் தொடலாம். அது 9232 வரை ஏறி, 111 தாவலுக்குப் பிறகுதான் 1-க்கு இறங்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்று சொல்லுங்கள். லோதர் கோலாட்ஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளரின் பெயரில் வழங்கும் இந்தப் புதிரில், எந்த எண்ணில் தொடங்கினாலும் 1-க்கு வந்துதான் தீருமா என்பதை இதுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. பெரியவர்களுக்கும் விடை தெரியாத ஒன்றில் தானும் கை வைத்திருக்கிறோம் என்று அறியும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதற்காகவே இதை எல்லா வீட்டுக்கும் பரிந்துரைப்பேன்.

படி 3: சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள்

ஆறேழு சவால்கள் போதும், சீட்டுக்கு ஒன்று. பாதி, ஒரே மாலையில் முடிவதாக இருக்கட்டும். ஒரு மாதம் நிலாவை வரைவது அருமையான சவால்தான், அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சுமார் 29.5 நாள் என்று பிள்ளையே கண்டு சொல்லும். ஆனால் முதல் சவாலாக அது வேண்டாம், பத்தாம் நாள் மறந்துபோகும்.

பிள்ளை தன் சவாலைத் தானே எழுதிக்கொள்ள இரண்டு மூன்று வெற்றுச் சீட்டுகளையும் சேர்த்துப் போடுங்கள். குலுக்கல் கிடையாது. பிள்ளை எல்லாவற்றையும் விரித்துப் படித்துப் பார்த்து எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம்.

படி 4: பரிசு அறிவிக்காதீர்கள்

நான் தவறியது இதில்தான். ஒரு புத்தகம் படித்தால் ஒரு நட்சத்திரம் என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். இரண்டே வாரத்தில் என் மகள் அலமாரியில் இருப்பதிலேயே மெல்லிய புத்தகங்களைத் தேட ஆரம்பித்தாள். அட்டவணையை எடுத்தேன், வாசிப்பும் நின்றது. மறுபடி அவளாகப் புத்தகத்தைத் தொட மாதக்கணக்கில் ஆனது.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வெளியிட்ட ஆய்வை அப்புறம்தான் படித்தேன். படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, மற்ற குழந்தைகளைவிட அவர்களே குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

அப்படியென்றால் பாராட்டே கூடாதா? தாராளமாகப் பாராட்டுங்கள், பார்த்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். “நீ கெட்டிக்காரி” என்பதைவிட, “குச்சி சாய்ந்திருந்ததைக் கவனித்து நிமிர்த்தினாயே, அதனால்தான் அளவு சரியாக வந்தது” என்பது பிள்ளைக்கு அடுத்த முறை உதவும்.

படி 5: நீங்களும் ஒரு சீட்டு எடுங்கள்

உங்களுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கட்டும். புதிய எழுத்து முறை ஒன்று, ஒரு முடிச்சு, ஒரு வாத்தியத்தில் நான்கு சுரம், எதுவானாலும் சரி. நீங்கள் தப்பு விட்டு, அழித்து, மறுபடி முயல்வதைப் பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்கட்டும்.

பிள்ளை திணறும்போது விடையைக் கொடுக்காமல் ஒரு கேள்வியைக் கொடுங்கள்: “இதுவரைக்கும் என்ன செய்து பார்த்தாய்?” பல நேரங்களில் அதைச் சொல்லும்போதே வழி கிடைத்துவிடும். மூன்று முறை முயன்றும் நகரவில்லை என்றால் சவால் பெரிதாகிவிட்டது என்று பொருள். பாதியாக வெட்டிக் கொடுங்கள்.

பாதியில் விட்டுவிட்டால்?

விடட்டும். சீட்டு மறுபடி டப்பாவுக்குள் போகட்டும், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சில சீட்டுகளை மாதங்கள் கழித்து அவர்களே தேடி எடுப்பார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கொரு டப்பா வையுங்கள், யார் எத்தனை முடித்தார்கள் என்று எண்ணாதீர்கள்.

படி 6: கேட்கும் நேரம்

வாரக் கடைசியில் பத்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருங்கள். “என்ன கண்டுபிடித்தாய், எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். குறுக்கே திருத்த வேண்டாம். தேதி, கேள்வி, கண்டது என மூன்று வரி நோட்டில் பிள்ளையே எழுதட்டும்.

அந்த நேரத்திலேயே டப்பாவையும் திறந்து பாருங்கள். வெற்றுச் சீட்டு ஒன்றில் பிள்ளையின் கையெழுத்து இருந்தால், நீங்கள் எழுதியவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு வெற்றுச் சீட்டைப் போட்டு வையுங்கள்.