ஷிஃப்ட் லைட் பொருத்துகிறீர்களா? எர்த்தைக் கவனியுங்கள்

ஸ்போர்ட்ஸ் காரில் கியர் மாற்றும் நேரத்தைச் சொல்லும் ஷிஃப்ட் லைட்டுக்குப் பெரும்பாலும் மூன்றே ஒயர்கள்தான்: சாவியைத் திருப்பினால் வரும் 12 வோல்ட், காரின் உடல் தகட்டில் போல்ட் போட்டு இணைக்கும் எர்த், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்லும் ஆர்பிஎம் சிக்னல். முதல் ஒயரில் ஃபியூஸ் கட்டாயம்.

குளச்சல், முட்டம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் எர்த்தில்தான் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். உப்புக்காற்று போல்ட்டுக்கடியில் புகுந்தால் ஒயர் முனை பச்சை பூத்துவிடும். விளக்கு கண்டபடி மினுக்கும். என் காரில் அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள். மேலே கிரீஸ் தடவுங்கள்.

எஞ்சின் தாண்டக் கூடாத ஆர்பிஎம், அதாவது சிவப்புக் கோடு, 7000 என்றால் 6700-இல் எரியும்படி வையுங்கள். கண் பார்த்துக் கை கியரை மாற்றுவதற்குள், அதுவும் முதல் கியரில், எஞ்சின் மீதியை எட்டிவிடும். விளக்கை ஏர்பேக் மூடியின்மேல் மட்டும் ஒட்டவே வேண்டாம்.