சிக்கிள் செல் கால்புண்: புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து எளிதில் உடையும் பரம்பரை ரத்த நோய். அதில் வரும் கால்புண்ணைப் பராமரிக்கப் புதிதாக வரும் நர்ஸ்களையும் பயிற்சி டாக்டர்களையும் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். கை கழுவுவது, கையுறை மாட்டுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

சர்க்கரைப் புண் மாதிரி நினைப்பது

சர்க்கரை நோயில் புண் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். உணர்ச்சி மரத்துப்போனதால் வலி தெரியாது. சிக்கிள் செல் புண் நேர்மாறு. கணுக்கால் எலும்பின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வரும், வலி உயிர் போகும். அங்கே தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, ரத்த ஓட்டமும் மந்தம். போதாததற்கு, உடைந்த சிவப்பணுக்களிலிருந்து வெளியேறும் ஹீமோகுளோபின், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைக் காலி செய்துவிடுகிறது. ஒரு கொசுக்கடியோ செருப்புக்கடியோ போதும். 1910இல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த வளைந்த ரத்த அணுக்களை முதன்முதலில் விவரித்தாரே, அந்த நோயாளியின் கால்களிலேயே பழைய புண்களின் தழும்புகள் இருந்தன.

ஸ்வாப் ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்ப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும்.

நடப்பது இதுதான். புண் ஆறவில்லை. யாரோ ஒருவர் மேலாக ஒரு ஸ்வாப் எடுக்கிறார், அதாவது பஞ்சுக் குச்சியால் புண்ணைத் தொட்டுக் கிருமிச் சோதனைக்கு அனுப்புகிறார். ஸ்டாஃபிலோகாக்கஸோ சூடோமோனாஸோ வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வருகிறது. உடனே ஆன்டிபயாடிக். அது முடிந்ததும் இன்னொரு ஸ்வாப். இந்த முறை வேறு கிருமி, வேறு மாத்திரை. நாள்பட்ட எந்தப் புண்ணைத் தொட்டு அனுப்பினாலும் கிருமி வளரத்தான் செய்யும். கிருமி குடியிருப்பது வேறு, தொற்று வேறு.

ஒரு இளைஞர் எங்களிடம் வந்தார். கையில் ஒரு கட்டு ரிப்போர்ட். முந்தைய இடத்தில் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்போக்கு வேறு, சிக்கிள் செல் உள்ளவருக்கு உடலில் நீர் வற்றினால் அடுத்து வலி நெருக்கடிதான்: வளைந்த அணுக்கள் ரத்தக் குழாயை அடைப்பதால் வரும் கடும் வலி. அத்தனை காகிதத்திலும் புண்ணின் நீள அகலம் ஒரு இடத்திலும் இல்லை. கணுக்கால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீங்கியிருந்தது. ஏன் அழுத்தக் கட்டு போடவில்லை என்று கேட்டால், “இன்ஃபெக்‌ஷன் சரியாகட்டும், அப்புறம் போடலாம்னு சொன்னாங்க சிஸ்டர்” என்றார். இல்லாத தொற்றுக்காகக் காத்திருந்த அந்த மாதங்களில் வீக்கம் அப்படியே நின்றது, புண்ணும் அகன்றுகொண்டே போனது. மாத்திரைச் செலவை விட இதுதான் பெரிய நஷ்டம்.

சுற்றிலும் பரவும் சிவப்பு, சூடு, புதிதாகக் கூடும் வலி, சீழ், திடீரென்று பெரிதாகும் புண், காய்ச்சல்: இவை இருந்தால் ஸ்வாப் எடுங்கள். அதையும் புண்ணைக் கழுவிய பிறகு, சுத்தமான திசுவின் மேல் அழுத்திச் சுழற்றி எடுங்கள். மேலே படிந்த கசடைத் தொட்டு அனுப்பிவிட்டுக் கசடின் ஜாதகத்தைப் படிக்காதீர்கள். எலும்பு தட்டுப்பட்டால் எலும்புத் தொற்றையும் யோசிக்க வேண்டும்.

இதற்காக ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இவர்களுக்குக் கிருமிகளை எதிர்க்க உதவும் மண்ணீரல் பெரும்பாலும் வேலை செய்யாது. காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால் அது அவசரம். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவுக்காக உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆள் சோர்ந்து கிடந்தால் அந்த எண்ணுக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

பார்க்காமல் இறுக்கிக் கட்டுவது

வீக்கம் என்றதும் இழுத்துக் கட்டிவிடாதீர்கள். முதலில் ரத்த ஓட்டத்தை ஒலியலையால் கண்டறியும் டாப்ளர் கருவியில் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விகிதம் 0.8க்குக் கீழே என்றால் முழு அழுத்தக் கட்டு கூடாது. ரத்தக்குழாய் டாக்டரைக் கேளுங்கள்.

வலியை நம்பாதது

சின்னப் புண்தானே என்று சுரண்ட ஆரம்பிப்பவர்கள் உண்டு. மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் தடவி, அது வேலை செய்யும் வரை காத்திருங்கள். தேவைப்பட்டால் முன்கூட்டியே வலி மாத்திரையும் கொடுங்கள். காய்ந்த காஸைப் பிய்த்தெடுப்பது சுத்தம் செய்வதாகாது. ஒட்டாத டிரெஸ்ஸிங் இதற்காகத்தான் இருக்கிறது.

காலில் ஐ.வி. ஊசி

வேண்டாம். உயிர்போகும் அவசரம் தவிர.

ஹைட்ராக்ஸியூரியாவை நாமே நிறுத்துவது

சிக்கிள் செல்லில் வலி நெருக்கடிகளைக் குறைக்கக் கொடுக்கும் மருந்து இது. வேறு ரத்த நோய்களில் இதனால் கால்புண் வந்ததுண்டு. சிக்கிள் செல்லில் அப்படி உறுதியாகவில்லை. நிறுத்தினால் வலி நெருக்கடிகள் திரும்பலாம். முடிவு ரத்தவியல் டாக்டருடையது.

மூடியதும் கட்டை அவிழ்ப்பது

இந்தப் புண் அதே இடத்தில் திரும்பி வரும். வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டிய இடத்திலும் வரும். அழுத்தக் காலுறையைத் தொடரச் சொல்லுங்கள். நோயாளி தினமும் கணுக்காலைப் பார்க்கட்டும். தோல் கறுத்து, கடினமாகி, தொட்டால் வலித்தால், உடையும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.