பைக் விபத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்பது எப்படி? ஆஸ்பத்திரியிலிருந்து தீர்ப்பாயம் வரை

பைக்கில் போய் அடிபட்டவரின் இழப்பீட்டு வழக்கில் பாதி முடிவு, அவர் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. எழுதுபவர்கள் அவசரப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் டாக்டரும், ஸ்டேஷனில் புகாரை வாங்கும் ஏட்டும். அதனால் இந்த விளக்கத்தில் முதல் சில நாட்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இன்னொரு வண்டி மோதிக் காயம்பட்ட, கோர்ட் பக்கமே போயிராத ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அடிப்படைச் சட்டம் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019இல் திருத்தினார்கள், இழப்பீடு பற்றிய புதிய பிரிவுகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. அதற்கு முந்தைய தொகைகளோடு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வாட்ஸ்அப் செய்திகளை நம்ப வேண்டாம்.

1. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

முதலில் 108. விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அப்படித்தான். முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. இது 2021 டிசம்பரில் தொடங்கிய மாநிலத் திட்டம். 2025 மே மாதம் மத்திய அரசும் தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது: 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டில் எது பொருந்தும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

சரி, இப்போது அந்த முக்கியமான தாள். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு ஒன்றை நிரப்புவார்கள். கோர்ட் வட்டாரத்தில் அதற்கு ஏ.ஆர். காப்பி என்று பெயர். எப்படி அடிபட்டது என்பதற்கு அதில் ஒரே ஒரு வரி இருக்கும். கூட வந்த மச்சான் பதற்றத்தில், "வண்டியிலேர்ந்து விழுந்துட்டாரு டாக்டர்" என்பார். டாக்டர் 'செல்ஃப் ஃபால்' என்று இரண்டே வார்த்தையில் எழுதிவிடுவார். அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான்: "நீங்களே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறீர்களே?"

அடிபட்டவருக்கு நினைவு இருந்தால் அவரே சொல்வது நல்லது. இத்தனை மணிக்கு, இந்த ரோட்டில், இந்த நம்பர் கார் பின்னாலிருந்து மோதியது, என்று. நம்பர் தெரியாவிட்டால் 'அடையாளம் தெரியாத கார் மோதியது' என்றாவது பதிவாக வேண்டும். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் அன்றே திருத்தக் கேளுங்கள். சின்ன வலியையும் விடாதீர்கள். கால் எலும்பு முறிவின் அவசரத்தில் முழங்கை வீக்கத்தைச் சொல்லாமல் விட்டால், ஒரு மாதம் கழித்து அது "இந்த விபத்தில் பட்ட காயமில்லை" ஆகிவிடும்.

2. ஸ்டேஷனில்

விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே புகார். சென்னையில் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு இதைப் பார்க்கும். பழைய ஐ.பி.சி.க்குப் பதில் வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவாக ஓட்டியதற்குப் பிரிவு 281, காயத்துக்குப் பிரிவு 125, எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் இந்த இரண்டும் இருக்கும். சி.எஸ்.ஆர். ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் அதோடு நின்றுவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல் புகார்தாரருக்கு இலவசம்.

"கேஸ் எல்லாம் எதுக்கு, செலவை நான் பாத்துக்கறேன்" என்று கார்க்காரர் பேசும் நேரமும் இதுதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் காலில் போட்ட கம்பியை எடுக்க ஒன்றரை வருடம் கழித்து இரண்டாவது ஆபரேஷன் வரும்போது அவர் போனை எடுப்பாரா? வழக்குப் பதிவானாலும் இழப்பீட்டைக் கட்டப்போவது பெரும்பாலும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிதான் என்று அவருக்கே எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் கிடந்ததால் புகார் தாமதமானால், அந்தக் காரணத்தைப் புகாரிலேயே ஒரு வரி எழுதுங்கள்.

2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விசாரணை அதிகாரி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கை 90 நாளுக்குள். போனதா என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்காவிட்டால் கோப்பு மெதுவாகத்தான் நகரும்.

எஃப்.ஐ.ஆர். உங்கள் மேலேயே போடப்பட்டிருக்கிறதா? பைக்காரர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான். தீர்ப்பாயம் எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்து முடிவு செய்யாது. சாட்சி, வரைபடம், சிசிடிவி எல்லாவற்றையும் பார்த்து, யார் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடைபோடும். பக்கத்துக் கடை கேமராப் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால், அதைக் கேட்க ஒரு ஆளை உடனே அனுப்புங்கள்.

இன்னொன்று. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் முன் பைக்கை ஒர்க்ஷாப்பில் விடாதீர்கள். எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று அவர் எழுதும் அறிக்கை, மோதிய விதத்துக்கு வாயில்லாச் சாட்சி.

3. ஒரு பை நிறையத் தாள்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டும் அதற்குரிய பில்லும் (சீட்டு இல்லாத பில்லை எதிர்த்தரப்பு ஏற்காது), பிசியோதெரபி ரசீது, ஆட்டோ செலவு, உங்கள் லைசென்ஸ், ஆர்.சி., ஆதார். போலீஸ் தரப்பிலிருந்து எஃப்.ஐ.ஆர்., பார்வை மகஜர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு), வரைபடம், ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை. விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் கட்டணம் கட்டித் தரவிறக்கலாம். அசல்களை யாரிடம் கொடுத்தாலும் அதற்கு முன் ஒரு செட் ஜெராக்ஸ்.

4. யாரிடம் கேட்பது?

மோதிய வண்டியின் ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று தெரியும். அந்த ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால் சோர்ந்துவிடாதீர்கள். முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கம்பெனிக்கு உத்தரவிடுவது வழக்கம்.

மோதிய வண்டி நிற்காமல் போய், கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் அரசுத் திட்டம் இருக்கிறது: கொடுங்காயத்துக்கு (எலும்பு முறிவு போன்றது) 50,000 ரூபாய், உயிரிழப்புக்கு 2 லட்சம். இதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டாம். வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பம், ஆட்சியர் மட்டத்தில் முடிவு.

தவறு உங்களுடையது மட்டுமே, அல்லது நாய் குறுக்கே வந்து விழுந்தீர்கள் என்றால், கேட்பதற்கு எதிர்த்தரப்பு இல்லை. அப்போது கைகொடுப்பது உங்கள் பாலிசியில் உள்ள 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஆனால் அது உயிரிழப்புக்கும், கை, கால், கண் போன்ற நிரந்தர இழப்புக்கும்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு வராது. பின்னால் உட்கார்ந்து போனவருக்கு இன்னொரு சிக்கல். தவறு அவர் உட்கார்ந்திருந்த பைக்குடையது, அதற்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டுமே என்றால், கம்பெனி கைவிரித்துவிடும். வருடத்துக்குச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

5. வக்கீல்

ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து விசிட்டிங் கார்டு நீட்டுபவரைத் தவிர்த்துவிடுங்கள். வெற்றுத் தாளிலோ, நிரப்பாத செக்கிலோ கையெழுத்து வேண்டாம். 'வரும் தொகையில் இத்தனை சதவீதம்' என்று பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. ஆனாலும் ஊரெல்லாம் அப்படித்தான் நடக்கிறது. கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு உங்கள் எம்.சி.ஓ.பி. எண்ணை, அதாவது இழப்பீட்டு மனுவின் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள். ஈகோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே பார்க்கலாம்.

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

6. மனு: எங்கே, எத்தனை நாளுக்குள்

விபத்து நடந்த ஊர், நீங்கள் வசிக்கும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், இதில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். திண்டிவனம் பக்கம் அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே போடலாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம்தான் இந்தத் தீர்ப்பாயம்.

காலக்கெடு 6 மாதம். இதை எதிர்த்த வழக்குகளில், தாமதம் என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பிச் சும்மா இருப்பது புத்திசாலித்தனம் இல்லை. 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

யார் தவறு என்று நிரூபிக்காமலேயே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்கப் பிரிவு 164 இருக்கிறது. அதை ஏற்று வாங்கிவிட்டால் தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்டுப் பிரிவு 166இல் போட்ட பெரிய மனு முடிந்துபோகும். கொடுங்காயம்தான் ஆனால் நன்றாக ஆறிவிட்டது, தவறை நிரூபிக்கச் சாட்சியும் இல்லை என்றால் 164 நல்ல வழி. நிரந்தர ஊனம் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

7. ஊனமும் வருமானமும்: தொகை இங்கேதான் தீர்மானமாகிறது

சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், உதவியாளர் செலவு, வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை, இவையெல்லாம் தனித்தனித் தலைப்புகள். ஆனால் பெரிய தொகை வருவது எதிர்கால வருமான இழப்பில்தான்.

தீர்ப்பாயம் உங்களை அரசு மருத்துவமனை மெடிக்கல் போர்டுக்கு அனுப்பும். அவர்கள், காலில் 40 சதவீத ஊனம் என்பதுபோல் ஒரு சான்று தருவார்கள். அந்தச் சதவீதம் அப்படியே வருமான இழப்பாகாது. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: அந்த ஊனம் இவருடைய வேலையை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். முழங்கால் மடங்காத வங்கி குமாஸ்தா சம்பளம் குறையாமல் வேலையைத் தொடரலாம். அதே முழங்காலோடு டைல்ஸ் ஒட்டுபவர் ஒரு நாள்கூட உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. ஆகவே மனுவில் 'வேலை செய்ய முடியவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்த வேலை, அதில் எந்த அசைவு இப்போது முடியவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். முன்பு வேலை கொடுத்தவர் ஒருவர் வந்து சாட்சி சொன்னால் இன்னும் பலம்.

கணக்கைப் பார்ப்போம். வயது 32, வெல்டர், மாதம் 18,000 ரூபாய், வேலைத்திறன் இழப்பு 30 சதவீதம். சொந்தத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டலாம். இது உச்ச நீதிமன்றத்தின் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு தந்தது. ஆக மாதம் 25,200, வருடத்துக்கு 3,02,400. 2009இன் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. வருவது 48,38,400, அதில் 30 சதவீதம் 14,51,520 ரூபாய்.

வருமானத்துக்கு ஆதாரமே இல்லை, தீர்ப்பாயம் உத்தேசமாக 12,000 எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். அதே கணக்கு 9,67,680 ரூபாயில் நிற்கும். ஜிபே வரவு, வங்கிப் பாஸ்புக், கான்ட்ராக்டர் எழுதிய கூலிக் கணக்கு, நலவாரிய அட்டை என எதுவும் வீண் இல்லை. காகிதமே இல்லாதவரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது சட்டம். 2014இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், சான்று இல்லாமலே மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இருந்தாலும் காகிதம் காகிதம்தான்.

8. ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸ் இல்லை என்றால்?

வழக்கே போய்விடாது. தலைக்காயம் இருந்து ஹெல்மெட் இல்லை என்றால், உங்கள் பங்குக்கு ஒரு சதவீதத்தைக் கழிக்க வாய்ப்பு உண்டு. அடிபட்டது காலில் என்றால் ஹெல்மெட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும். ஒரே பைக்கில் மூன்று பேர் போனதாலேயே அவர்கள் மேலும் தவறு என்று சொல்லிவிட முடியாது, அது விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று பார்க்க வேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. லைசென்ஸ் இல்லாததற்கும் இதே தர்க்கம்தான். அதற்கான அபராதம் தனிக் கதை.

9. சமரசம், தீர்ப்பு, பணம்

வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்துக்கு வருகிறீர்களா என்று கேட்பார்கள். அங்கே முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அப்பீல் கிடையாது. மேலே போட்ட மாதிரி உங்கள் கணக்கை ஒரு தாளில் போட்டு எடுத்துப் போங்கள். கம்பெனி சொல்லும் தொகை உங்கள் கணக்கில் எத்தனை சதவீதம் என்று தெரிந்தால்தான் தலையாட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும். இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது சமரசம் பேச வேண்டாம்.

தீர்ப்புத் தொகைக்கு மனுப் போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு; தமிழ்நாட்டில் 7.5 சதவீதம் பரவலாகக் கொடுக்கிறார்கள். தொகை குறைவு என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் அப்பீல். மதுரைக் கிளைக்கு உட்பட்ட மாவட்டத்தவர் அங்கே. தகராறில் உள்ள தொகை 1 லட்சத்துக்குக் கீழே என்றால் அப்பீல் வழி இல்லை.

பணம் இப்போது நேரடியாக வங்கிக் கணக்குக்கே வரும்படி உத்தரவிடுகிறார்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல், மனுவில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். மனுவில் கையெழுத்துப் போடும் அன்றே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.