காட்டாற்றங்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெயில் ஏறிவிட்டால் மதுரைக்காரர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். வைகையில் மணலும் கருவேலமும்தான் மிச்சம் என்கிற மாதங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறோம். கும்பக்கரை, சுருளி, குட்லாடம்பட்டி, தாணிப்பாறை என்று ஆளுக்கொரு இடம். நானும் இருபது வருடமாக இப்படிப் போய் வருகிறவன்தான். நான் பார்த்தவரையில், அங்கே நடக்கிற விபத்துகளில் காடு முன்கூட்டியே ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கும். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம்.

முதல் தவறு, தலைக்கு மேலே இருக்கிற வானத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குவது. அடிவாரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டலாம். ஏப்ரல், மே மாதத்துக் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வருகிற மழை. செங்குத்தான பாறை மலையில் தண்ணீர் நின்று ஊற இடம் கிடையாது. விழுந்ததெல்லாம் குறுகலான ஓடை வழியாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். 2015 மே மாதம் சதுரகிரிக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க முடியாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் மலைமாடு மேய்க்கிற ஒரு பெரியவர். வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒரு ஓடை, மதியம் இரண்டரை மணி இருக்கும். கணுக்காலளவு தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் காலை நீட்டி உட்கார்ந்து, மீன் குஞ்சுகள் வந்து கடிப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நாலைந்து சருகு மிதந்து வந்தது. அப்புறம் ஒரு காய்ந்த குச்சி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேல்கரையில் நின்றிருந்த அந்தப் பெரியவர்தான் சத்தம் போட்டார்: "தம்பி, தண்ணி நெறம் மாறுது பாருங்க. மேல பேஞ்சிருச்சு. பிள்ளைகளத் தூக்கிட்டு வெரசா ஏறுங்க!" குனிந்து பார்த்தேன். கூழாங்கல் மங்கியிருந்தது, டீயில் பால் கலந்த மாதிரி ஒரு நிறம். நாங்கள் கரையேறி, செருப்பை மாட்டி, திரும்பிப் பார்ப்பதற்குள் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. வெள்ளத்தின் இரைச்சல் அதற்குப் பிறகுதான் பெரிதாகக் கேட்டது.

சருகும் குச்சியும் திடீரென்று கூடுவது, தண்ணீர் கலங்குவது, ஓடையின் சத்தம் கனப்பது, மண்வாசனை அடிப்பது, இதில் எது ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் ஏறிவிட வேண்டும். கரையோரமாக ஓடக் கூடாது, மேட்டைப் பார்த்து ஏற வேண்டும். சாப்பாட்டுப் பை அங்கேயே கிடக்கட்டும். இன்னொன்று, வண்டி நிற்கிற கரையிலேயே இருங்கள். எதிர்க்கரை நிழலாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, வெள்ளம் வந்ததும் எப்படியாவது திரும்பிவிடலாம் என்று இறங்குகிறபோதுதான் ஆள் போகிறது. முழங்காலளவு தண்ணீர் வேகமாக ஓடினால் நல்ல திடமான ஆளையே சாய்த்துவிடும். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அங்கேயே இருங்கள். இந்த ஓடைகளில் மழை விட்டால் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும்.

இவ்வளவையும் கவனிக்கக் காது வேண்டும். அதனால்தான் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுபோவது எனக்கு ஆகவே ஆகாது. மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பது ஒரு பக்கம். பாட்டுச் சத்தத்தில் ஓடையின் சத்தம் மாறியது தெரியாது, புதருக்குள் காட்டுமாடு செருமுவது கேட்காது, தண்ணீருக்குள் ஒருவன் தடுமாறுவதும் தெரியாது. நீந்தத் தெரியாமல் மூழ்குகிறவன் சினிமாவில் போலக் கத்திக் கூப்பிட மாட்டான். வாயில் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும்போது கத்துவதற்கு மூச்சே இருக்காது. பக்கத்திலேயே சத்தமில்லாமல் போய்விடுவான்.

அடுத்தது, இடத்தின் பெயரைக் காதில் வாங்காமல் விடுவது. சதுரகிரிப் பாதையில் வழுக்குப் பாறை, சங்கிலிப் பாறை என்றே இடங்கள் இருக்கின்றன. கும்பக்கரையில் பாறைக் குழிகளுக்கு யானை கஜம், உரல் கஜம், பாம்பு கஜம் என்று பெயர். தண்ணீர் பல காலம் சுழன்று சுழன்று குடைந்த குழிகள் அவை. மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே சுவர் செங்குத்தாக இறங்கும், பாசியில் கை பிடிக்காது. பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பது அங்கே உயிரோடு விளையாடுவது. போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் கல் உருண்டு வந்து கிடக்கலாம். வைகையிலும் நிலைமை நல்லதில்லை. மணல் அள்ளிய குழிகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். இரண்டு எட்டு வரை முட்டளவு, மூன்றாவது எட்டில் ஆள் மட்டம்.

ஒருவன் மாட்டிக்கொண்டால் கூடவே குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். வேட்டி, துப்பட்டா, கயிறு, நீளமான கம்பு, மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன், எது கிடைக்கிறதோ அதைக் கரையில் படுத்துக்கொண்டு எறியுங்கள், நீட்டுங்கள். வெளியே எடுத்தவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும், குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவதும் இன்னமும் நடக்கிறது. தண்ணீரை வெளியே எடுக்கிறோம் என்று விலைமதிப்பில்லாத நிமிடங்களை விட்டுவிடுகிறோம். மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும், நெஞ்சின் நடுவில் அழுத்த வேண்டும். இன்னொருவர் 108-க்குப் பேசட்டும். இதை ஒருநாள் யாரிடமாவது நேரில் கற்றுக்கொண்டு வந்தால், அதைவிட நல்ல சாமான் பையில் வேறு எதுவும் இல்லை.

சமையல். ஓடைக்கரையில் கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து கறி சமைத்துச் சாப்பிடுவது நமக்குப் பழகிய சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம், கோடையில் அது பெரிய ஆபத்தும்கூட. 2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் பிடித்த தீயில், மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காய்ந்த புல்லில் தீ மேட்டைப் பார்த்து ஏறுகிற வேகத்துக்கு ஆள் ஓட முடியாது. வீட்டிலேயே புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். கட்டிய இலை மக்கிவிடும், சிப்ஸ் பாக்கெட்டைக் கையோடு கொண்டு வந்துவிடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டவே வேண்டாம். உடைந்த சில்லு மணலுக்குள் புதைந்து, அடுத்த வாரம் வருகிற குழந்தையின் காலுக்கும் யானையின் காலுக்கும் காத்திருக்கும்.

குரங்குக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். அழகர்மலையில் பைக்காக ஆளை மறிக்கிற குரங்குகளை அப்படிப் பழக்கியது நாம்தான்.

அனுமதி கேட்காமல் உள்ளே போவதையும் சொல்ல வேண்டும். வைகையின் நீர்ப்பிடிப்புக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. அந்தக் காடு இருக்கிறவரைதான் ஆற்றில் ஏதோ கொஞ்சம் ஓடும். கேட் சாத்தியிருந்தால், குறுக்கு வழி காட்டுகிறேன் என்று யார் வந்தாலும் போகாதீர்கள். வனத்துறை ஆட்களோடு நடக்க அரசே இப்போது மலையேற்றப் பாதைகளைத் திறந்திருக்கிறது, கோடையில் தீ பயத்தால் அதையும் மூடிவிடுவார்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடிவாரம் தாண்டினால் டவர் கிடைக்காது.

பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டுக்கு வந்தபின் செய்கிற ஒரு தவறும் இருக்கிறது. போய் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வந்தால், ஏதோ வைரஸ் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துகிறோம். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸாக அது இருக்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் தேடினால்தான் கிடைக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிற நோய், விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "போன வாரம் காட்டுப் பக்கம் போயிருந்தேன், ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்திருந்தேன்."