பாக்ஸிங் மிஷின் பழுதா? போர்டை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

பொருட்காட்சியிலோ மால் கேம் ஜோனிலோ பாக்ஸிங் மிஷின் நின்றுபோனால், முதலில் காதில் விழுவது “போர்டு போயிடுச்சு” என்பதுதான். போர்டு என்றால் மிஷினை இயக்கும் மின்னணுப் பலகை. நான் பார்த்தவரை, இந்த மிஷினில் கடைசியாகப் போகிற பொருள் போர்டு. நாள் முழுக்கக் குத்து வாங்குகிற இயந்திரம் இது. ஒவ்வொரு குத்தும் ஒரு நட்டைக் கொஞ்சம் தளர்த்துகிறது, ஒரு ஒயரைக் கொஞ்சம் ஆட்டுகிறது. அதனால் குத்து விழும் பக்கத்திலிருந்துதான் தேட வேண்டும்.

மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். காசு விழுந்ததும் சொலினாய்டு (கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம்) கொக்கியை இழுக்கும், பந்து கீழே இறங்கும். குத்தினால், பந்து தொங்கும் கம்பி மேலே எகிறி மறுபடி கொக்கியில் மாட்டும். கம்பியோடு சேர்ந்து ஒரு சின்னத் தகடு, குறுக்கே ஒளி பாயும் சென்சாரின் பிளவுக்குள் புகுந்து வெளியேறும். எவ்வளவு நேரம் ஒளி மறைந்தது என்பதை வைத்துத்தான் மார்க். 3 செ.மீ. தகடு 10 மில்லி விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். 5 மில்லி விநாடியில் கடந்தால் 6 மீட்டர். சில மிஷினில் இரண்டு சென்சார் இருக்கும், கணக்கு ஏறக்குறைய இதேதான்.

படி 1: திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட் டிசியாக மாற்றும் பவர் சப்ளை டப்பா) இருக்கும் கெப்பாசிட்டரில் பிளக்கை எடுத்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஐந்து நிமிடம் பொறுங்கள். எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அடுத்து, பந்துக் கம்பியைக் கயிற்றால் மேலே கட்டிவிடுங்கள். நீங்கள் குனிந்திருக்கும்போது கொக்கி விட்டால் அது நேராகத் தலையில் இறங்கும்.

படி 2: விளக்கே எரியவில்லையா?

பிளக், ஒயர், ஃபியூஸ், இந்த வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். அவசரத்துக்குச் செம்புக் கம்பியைச் சுற்றுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தைகள் தொடுகிற இரும்புப் பெட்டி இது. எர்த் ஒயரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஃபியூஸ் சரியென்றால், கரண்ட் கொடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் டிசி முனைகளை மட்டும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5, 12, 24 என்று லேபிளில் எழுதியிருப்பது வருகிறதா?

படி 3: பந்து இறங்கவில்லையா?

காசு போட்டுக் காதைக் கொடுங்கள். ‘டக்’ என்ற சத்தம் கேட்டால் சொலினாய்டு வேலை செய்கிறது, கொக்கிதான் துருவிலோ அழுக்கிலோ இறுகியிருக்கிறது. சத்தமே இல்லையென்றால், பிளக்கை எடுத்துவிட்டுச் சொலினாய்டின் ஒரு ஒயரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் காயில் (சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புச் சுருள்) என்றால் மீட்டர் சுமார் 12 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு இருக்கும், அதையும் மறக்காதீர்கள். காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத்தை அதுதான் தாங்கிக்கொள்கிறது. அது போயிருந்தால் போர்டில் இருக்கும் டிரான்சிஸ்டர் எத்தனை முறை மாற்றினாலும் நிற்காது. டயோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வர வேண்டும்.

படி 4: மார்க் தப்பாக வருகிறதா?

எப்போதும் பூஜ்யமா? பெரும்பாலும் சென்சார் பிளவில் தூசி அடைத்திருக்கும், அல்லது தகடு வளைந்து பிளவுக்குள் போகாமல் தள்ளி நிற்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இரு பக்கமும் துடையுங்கள். சென்சாரின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. போனின் செல்ஃபி கேமராவை அருகில் காட்டினால், பல போன்களில் மங்கலான ஊதாப் புள்ளி தெரியும்.

யார் குத்தினாலும் 999 வந்தால் வேறு கதை. மதுரைத் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சி நேரம் ஒரு மிஷினுக்கு அழைத்தார்கள். ஒரு சின்னப் பாப்பா தொட்டதற்கே 999. முதலில் பார்த்தவர் புதுப் போர்டு வாங்கச் சொல்லியிருந்தார். நான் சென்சார் ஒயரை விரலால் மெதுவாக வருடிக்கொண்டே போனேன். பந்துக் கம்பியோடு சேர்ந்து ஒயர் மடங்கும் இடத்தில் ஓரங்குலம் மட்டும் நூல்போல் துவண்டது. மேலுறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்து, தொட்டும் தொடாமலும் இருந்தது. குத்து விழும்போது அது கண நேரம் விட்டுவிட்டுச் சேர, தகடு மின்னல் வேகத்தில் போனதாகப் போர்டு கணக்குப் போட்டிருக்கிறது. ஒரு சாண் ஒயர், இரண்டு சால்டர், ஒரு கேபிள் டை. அவ்வளவுதான் செலவு. புது ஒயர் போடும்போது மடங்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள், விறைப்பாக இழுத்துக் கட்டினால் மறுபடி அங்கேயே அறும்.

படி 5: காசு விழுந்தும் கிரெடிட் ஏறவில்லையா?

காயின் பாதையைத் துடையுங்கள், கனெக்டரை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அநேகமாகச் சரியாகிவிடும்.

பராமரிப்பு

தினமும் திறக்கும் முன், பந்து மாட்டியிருக்கும் கொக்கியையும் சுழலியையும் (பந்தைச் சுழல விடும் இணைப்பு) கையால் இழுத்துப் பாருங்கள். தேய்ந்து மெலிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள், ஒருநாள்கூட ஓட்டாதீர்கள். பந்தைக் கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். கல்போல் காற்றடித்தால் மார்க் ஏறாது, பிள்ளைகளின் மணிக்கட்டுதான் போகும். கம்பி மேலே போய் இடிக்கும் ரப்பர் வெடித்திருந்தால், அந்த அதிர்வு முழுக்கச் சட்டத்துக்கும் போர்டுக்கும் போகும்.

வாரம் ஒருமுறை எல்லா நட்டையும் முடுக்குங்கள். நைலான் வளையம் உள்ள நட் போட்டால் எளிதில் தளராது. மாதம் ஒருமுறை பேரிங்குக்கு லித்தியம் கிரீஸ். சென்சார் பக்கம் ஒரு துளி எண்ணெய்கூடத் தெறிக்கக் கூடாது.

எல்லாம் மாட்டி முடித்ததும் கயிற்றை அவிழ்த்து, மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என மூன்று குத்து குத்துங்கள். மார்க்கும் அதே வரிசையில் ஏறினால் கதவைப் பூட்டிவிட்டு, வரிசையில் நிற்கும் பிள்ளையைக் கூப்பிடலாம்.